ரசீது யார் வீட்டில் இருக்கிறது?

கஸ் ஹால் கையெழுத்துப் போட்ட ரசீது ஒன்றின் படத்தைப் பார்த்த நாளிலிருந்துதான், ஒரு நாட்டு அரசு இன்னொரு நாட்டு அரசியலில் பணம் போடும் சமாச்சாரம் என்னைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு நாற்பது ஆண்டுகள் தலைமை வகித்தவர் அவர். சோவியத் யூனியன் உடைந்து, மாஸ்கோ ஆவணக் காப்பகங்கள் கொஞ்ச காலம் திறந்து கிடந்தபோது வெளியே வந்த காகிதங்களில் அதுவும் ஒன்று. 1980களின் பிற்பகுதியில் சோவியத் கட்சி அனுப்பிய டாலர்களைப் பெற்றுக்கொண்டேன் என்று சொல்லும் துண்டுச் சீட்டு. தொகை மில்லியன்களில்.

ரகசியமாகக் கொடுக்கிற பணத்துக்கு எதற்கு ரசீது? கொஞ்சம் யோசித்தால் புரிந்துவிடும். பணத்தைக் கொண்டுபோனவர் வழியில் ஒரு கட்டை உருவிக்கொள்ளவில்லை என்று மேலிடத்துக்குக் காட்ட வேண்டுமே. சதியானாலும் சர்க்கார் சர்க்கார்தான், கோப்பு மூடினால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஹாலுக்கு மாஸ்கோ பணம் போய்ச் சேர உதவியவர்கள் மாரிஸ் சைல்ட்ஸ், ஜேக் சைல்ட்ஸ் என்ற அண்ணன் தம்பி. இருவருமே எஃப்.பி.ஐ.யின் ஆட்கள்! 1950களின் இறுதியிலிருந்து சுமார் இருபது ஆண்டுகள், ஏறத்தாழ 2.8 கோடி டாலர் அவர்கள் கை வழியாகப் போயிற்று. எஃப்.பி.ஐ. அதை எண்ணி, குறித்து வைத்துக்கொண்டுதான் அனுப்பியது. மாரிஸுக்குச் சோவியத் அரசு செங்கொடி விருது கொடுத்தது. பிறகு 1987-இல் ரீகன் அரசு சுதந்திரப் பதக்கம் கொடுத்தது. இரண்டு வீட்டிலும் மாலை வாங்கிய மனிதர்.

அத்தனை பணத்துக்கும் கிடைத்தது என்ன? ஹால் நான்கு முறை அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். அதிகபட்சமாக 1976-இல் சுமார் 59,000 வாக்குகள். அந்த ஆண்டு வாக்களித்தவர்கள் 8 கோடிக்கும் மேல். பத்திரிகை, அலுவலகம், சம்பளம் என்று கட்சியை நடத்தவும் அந்தப் பணம் போயிருக்கும், எல்லாவற்றையும் வாக்குக் கணக்கில் எழுதக் கூடாதுதான். இருந்தாலும் மாஸ்கோவின் கணக்குப்பிள்ளை மேல் எனக்குப் பரிதாபம் வருகிறது.

ஒரு நாட்டு அரசு இன்னொரு நாட்டுத் தேர்தலில் பணம் போடுவது பற்றிப் பேச்சு வந்தால், வழக்கமாக இரண்டு கட்சி கட்டிக்கொள்வார்கள். அமெரிக்கா செய்தால் ஜனநாயகம், ரஷ்யா செய்தால் சதி என்பது ஒன்று. அப்படியே திருப்பிப் போட்டால் மற்றொன்று. இரண்டிலும் எனக்கு ஒட்டுதல் இல்லை. நான் கேட்பது சில்லறைக் கேள்வி: கணக்கு யாரிடம் இருக்கிறது? வாக்களித்தவருக்கு அது எப்போது தெரிந்தது?

சிலியை எடுத்துக்கொள்வோம். 1964 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு பக்கம் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் எடுவார்டோ ஃப்ரெய், மறுபக்கம் சோஷலிஸ்டான சால்வடார் அயெந்தே. ஃப்ரெய் ஜெயிக்க வேண்டும் என்று சி.ஐ.ஏ. செலவழித்தது 26 லட்சம் டாலருக்கும் மேல். அவருடைய மொத்தப் பிரசாரச் செலவில் பாதிக்கு மேல் இந்தப் பணம்தான். இதை எதிர்க்கட்சிக்காரர் யாரும் மேடையில் சொல்லவில்லை. அமெரிக்க செனட்டின் விசாரணைக் குழு, ஃப்ராங்க் சர்ச் தலைமையில், 1975 டிசம்பரில் தானே அச்சடித்து வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது.

அந்த அறிக்கையின் நடை ரயில்வே கால அட்டவணை மாதிரி. 1964 ஜூன் மூன்றாம் வாரம் என்று ஒரு பத்தி. சி.ஐ.ஏ. பணத்தில் இயங்கிய ஒரு பிரசாரக் குழு சாந்தியாகோவிலும் 44 வெளியூர் வானொலி நிலையங்களிலும் தினம் இருபது விளம்பரங்கள் ஒலிபரப்பியது. பன்னிரண்டு நிமிடச் செய்தி, நாளுக்கு ஐந்து தடவை. மாத இறுதிக்குள் தினமும் 3,000 சுவரொட்டிகள். சோவியத் டாங்கிகள், கியூபாவில் வரிசையாக நிறுத்திச் சுடும் காட்சிகள் என்று பயமுறுத்தும் படங்கள். குறிப்பாகப் பெண்களைக் குறிவைத்து.

எனக்கு மறக்காதது வேறொன்று. கம்யூனிசத்தைக் கண்டித்துப் போப் பதினொன்றாம் பயஸ் எழுதிய பழைய சுற்றுமடலை லட்சக்கணக்கில் அச்சடித்து விநியோகித்திருக்கிறார்கள். அதில் ஒரு வரி: எந்த அரசியல் சார்பும் இல்லாத குடிமக்களால் தனிப்பட்ட முறையில் அச்சிடப்பட்டது. ஒரு சிலி அம்மாள் அதை வாங்கி மடித்து, ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருப்பார். பக்கத்துத் தெருவில் யாரோ பக்தர்கள் சொந்தக் காசு போட்டு அடித்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். ஏமாற்று வேலை சுற்றுமடலில் இல்லை, அது போப் எழுதியதுதான். பொய் இருந்தது அடியில் இருந்த அந்தச் சின்ன எழுத்து வரியில்.

ஃப்ரெய் 56 சதவீதம் வாங்கினார். அயெந்தே 39. இந்த வித்தியாசத்தைப் பார்த்தால் அந்தப் பணம் இல்லாமலும் ஃப்ரெய் ஜெயித்திருப்பார் என்று தோன்றுகிறது. அதுவே ஒரு துயரம். தன் மக்களிடம் நேர்மையாக வாங்கியிருக்கக்கூடிய வெற்றி மேல் நிரந்தரமாக ஒரு கறை. அந்தப் பக்கமும் கை சுத்தமில்லை. 1970 தேர்தலில் அயெந்தே பிரசாரத்துக்குக் கியூபாவிலிருந்து 3.5 லட்சம் டாலர் வந்தது என்று அதே அறிக்கை சொல்கிறது. அந்த முறை அயெந்தே 36 சதவீதத்துச் சொச்சத்தில் முதலாவதாக வந்து ஜனாதிபதியானார். அடுத்த மூன்று ஆண்டுகளில் அவருக்கு எதிராக சி.ஐ.ஏ. கொட்டியது இன்னும் 80 லட்சம் டாலருக்கு மேல். 1973 செப்டம்பர் 11 ராணுவக் கவிழ்ப்பில் அவர் இறந்தார்.

செனட் அறிக்கை வந்தபோது அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கவிழ்ப்பை நடத்திய தளபதி பினோசேயின் ஆட்சியில் தேர்தலே இல்லை. 1964-இல் தாங்கள் கேட்ட வானொலிச் செய்திக்குக் காசு கொடுத்தது யார் என்று சிலி மக்களுக்குத் தெரியவந்த நேரத்தில், அவர்களிடம் வாக்குச்சீட்டு கிடையாது.

இத்தாலி 1948 எல்லோரும் சொல்லும் கதை, வேகமாகக் கடந்துவிடலாம். சி.ஐ.ஏ. பிறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பைகளில் பணம் கொண்டுபோய் அரசியல்வாதிகளிடம் கொடுத்தோம் என்று அந்த வேலையில் இருந்த மார்க் வயாட் பிற்காலத்தில் தொலைக்காட்சியில் சாவகாசமாகச் சொன்னார். அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களை ஊரில் உள்ள உறவினர்களுக்குக் கடிதம் எழுத வைத்தார்கள், கம்யூனிஸ்டுகளுக்குப் போடாதே என்று. அவர்கள் ஜெயித்தால், போருக்குப் பிறகு அமெரிக்கா ஐரோப்பாவுக்குக் கொடுத்த மார்ஷல் திட்ட உதவி நின்றுவிடும் என்று வெளிப்படையாகவே எச்சரிக்கை. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு 48.5 சதவீதம், இடதுசாரிக் கூட்டணிக்கு 31. பை வேலை செய்ததா, கடிதம் வேலை செய்ததா, மார்ஷல் கோதுமை வேலை செய்ததா, யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் வாஷிங்டனில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: இது நடக்கிற காரியம். வெற்றி என்று நம்பப்பட்ட முதல் முயற்சியைப்போல ஆபத்தானது வேறில்லை.

ஜப்பானிலும் அதே பாணி. ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சியின் தலைகள் சிலருக்குப் பணம். அது போதாதென்று, எதிர்க்கட்சியை உடைத்து மிதவாதிகளைத் தனியே பிரிக்க 1960-இல் 75,000 டாலர். ஒப்பிட்டால் அற்பத் தொகை. அமெரிக்க வெளியுறவுத் துறை இதைத் தன் அதிகாரபூர்வ ஆவணத் தொகுதியில் ஒப்புக்கொண்டது 2006-இல். நாற்பத்தாறு வருஷம் கழித்து.

இதில் எதையும்விட என்னை உறுத்துவது பிரிட்டிஷ் கயானா. இன்றைய கயானா. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அங்கே பெரும் பகுதி. மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்களும் அதில் உண்டு. கரும்புத் தோட்டக் குடும்பம் ஒன்றில் பிறந்து பல்மருத்துவம் படித்தவர் செட்டி ஜெகன். 1961 தேர்தலில் ஜெயித்தார். அந்த அக்டோபரில் வெள்ளை மாளிகைக்குப் போய்க் கென்னடியைப் பார்த்தார். கென்னடிக்கு அவர் இன்னொரு காஸ்ட்ரோவாகத் தெரிந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1963-இல் 80 நாள் பொது வேலைநிறுத்தம். வேலைநிறுத்தக்காரர்களின் பசியாற்ற அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் வழியாகப் பணம் வந்தது; அதன் பின்னால் சி.ஐ.ஏ. பிறகு பிரிட்டன் தேர்தல் முறையையே மாற்றியது. தொகுதி முறையில் நின்றால் ஜெகன் ஜெயித்துவிடுவார், ஆகவே விகிதாசாரப் பிரதிநிதித்துவம். விகிதாசாரம் நல்ல முறைதான், பல நாடுகள் பின்பற்றுகின்றன. ஆனால் ஒரே ஒரு ஆளைத் தோற்கடிப்பதற்காக அதைக் கொண்டுவந்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். 1964 டிசம்பரில் ஜெகன் கட்சிதான் 45.8 சதவீதத்தோடு முதலிடம். 40.5 சதவீதம் வாங்கிய ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாம் மூன்றாவது கட்சியைச் சேர்த்துக்கொண்டு ஆட்சியில் அமர்ந்தார்.

வாஷிங்டன் தேர்ந்தெடுத்த அந்த மனிதர் 1968 தேர்தலில் வெளிநாட்டில் வாழும் கயானாக்காரர்கள் என்று ஒரு பட்டியல் தயாரித்து, இல்லாத ஆட்களின் பெயரில் வாக்குகளைக் குவித்துக்கொண்டார். சாகும்வரை, 1985 வரை, அவர்தான். பொருளாதாரம் படுத்தது. ஜனங்கள் நியூயார்க்குக்கும் டொரான்டோவுக்கும் போய்விட்டார்கள். கயானாவில் 1962 முதல் 1968 வரை ரகசிய வேலைகளுக்கு ஆன செலவு 20.8 லட்சம் டாலர் என்று பிற்பாடு வெளியான அமெரிக்க ஆவணத் தொகுதியே சொல்கிறது. ஒரு தேசத்தின் இருபத்தெட்டு வருஷம் அந்த விலைக்குப் போயிற்று.

கென்னடியின் ஆலோசகராக இருந்த வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர் 1990-இல் நியூயார்க்கில் ஒரு விருந்தில் ஜெகனைச் சந்தித்தபோது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு தான் செய்ததற்கு வருந்துவதாகச் சொன்னார். இரண்டு வருஷம் கழித்து, சர்வதேசப் பார்வையாளர்கள் முன்னிலையில் நேர்மையாக நடந்த தேர்தலில் ஜெகன் ஜெயித்தார். அப்போது அவருக்கு வயது 74. மன்னிப்புக் கேட்டதைப் பெரிய மனதென்று சொல்லலாம்தான். விருந்துச் சாப்பாட்டின் நடுவே கேட்டார் என்பது மட்டும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

எத்தனை தடவை இப்படி? டோவ் லெவின் என்ற ஆய்வாளர் கணக்கெடுத்திருக்கிறார். 1946 முதல் 2000 வரை, அமெரிக்காவோ சோவியத் அல்லது பிந்தைய ரஷ்யாவோ பிறநாட்டுத் தேர்தல்களில் கை வைத்தது 117 முறை. 81 அமெரிக்கா, 36 மாஸ்கோ. பணம் மட்டுமில்லை, பகிரங்க மிரட்டல், வாக்குறுதி எல்லாம் சேர்த்து. சராசரியாக, ஆதரிக்கப்பட்ட தரப்புக்கு மூன்று சதவீத வாக்கு கூடியது என்கிறார். நெருக்கமான போட்டியில் மூன்று சதவீதம் என்பது ஆட்சி. மற்ற இடங்களில் அது வெறும் களங்கம்.

1983-இல் அமெரிக்கா பாணியை மாற்றியது. ஜனநாயகத்துக்கான தேசிய அறக்கட்டளை என்று நாடாளுமன்ற நிதியில் ஓர் அமைப்பு. யாருக்கு எவ்வளவு என்று ஆண்டறிக்கை போட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆலன் வைன்ஸ்டைன் 1991-இல் ஒரு பத்திரிகையாளரிடம் மனம் விட்டுச் சொன்னார்: இன்று நாங்கள் செய்வதில் நிறையவற்றை இருபத்தைந்து வருஷத்துக்கு முன் சி.ஐ.ஏ. ரகசியமாகச் செய்துகொண்டிருந்தது. இந்த வரியை அவருடைய எதிரிகள் எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருப்பார்கள் என்று எண்ண முடியாது. நான் அதை நல்ல விதமாகத்தான் படிக்கிறேன். குறைந்தபட்சம் ரசீது மேசை மேல் வந்துவிட்டதே. ஜெர்மனியின் கட்சி அறக்கட்டளைகள் இதை முன்பே செய்துகொண்டிருந்தன. போர்ச்சுகலின் சோஷலிஸ்ட் கட்சி பிறந்ததே 1973-இல் பாட் மூன்ஸ்டரைஃபெல் என்ற ஜெர்மன் சிற்றூரில், எபர்ட் அறக்கட்டளையின் விருந்தாளியாக.

செர்பியா 2000 விஷயத்தில் என் மனம் இரண்டாகப் பிரிந்துதான் கிடக்கிறது. அங்கே ஆட்சியில் இருந்த மிலோசெவிச் தோற்க வேண்டும் என்று நானும் ஆசைப்பட்டவன். அவரை வீழ்த்திய இயக்கத்துக்கு அமெரிக்க வரிப்பணத்தில் 5,000 ஸ்பிரே பெயின்ட் டப்பாக்களும் 25 லட்சம் ஸ்டிக்கர்களும் போயின. ஸ்டிக்கரில் இரண்டே சொல்: ‘கோட்டோவ் யே’. ஆள் காலி, என்று பொருள். லிஃப்ட்டில், தபால்பெட்டியில், மிலோசெவிச்சின் சுவரொட்டி முகத்தின் மேலேயே ஒட்டினார்கள். வாக்குகளை வாக்குச்சாவடி வாரியாகத் தனியே எண்ணிச் சரிபார்க்கும் ஏற்பாட்டுக்கும் உதவி வந்தது. திருட்டு எண்ணிக்கை அம்பலமானது அதனால்தான். ஸ்டிக்கருக்கும் எண்ணிக்கைக்கும் வித்தியாசம் இருக்கிறது. எண்ணிக்கைச் சரிபார்ப்பு யார் ஜெயித்தாலும் ஜெயித்தவருக்கே உதவும். ஸ்டிக்கர் ஒருவருக்குத்தான் உதவும். ஒரே கணக்குப் புத்தகத்தில் இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதியதுதான் பிற்பாடு வினையானது. ஜெயித்த கோஷ்டுனிட்சாவே அமெரிக்கா இதில் மூக்கை நுழைப்பதை வெளிப்படையாகக் கண்டித்துக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் புரிந்திருந்தது.

மற்றவர்களுக்கும் புரிந்தது. மாஸ்கோ 2012-இல் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டு அமைப்பை வெளியேற்றி, வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்புகளை ‘வெளிநாட்டு ஏஜென்ட்’ என்று முத்திரை குத்தும் சட்டம் போட்டது. கோலோஸ் என்று ஒரு தேர்தல் கண்காணிப்பு அமைப்பு. யாருக்கும் ஓட்டுக் கேட்டதில்லை. முறைகேடுகளைப் பதிவு செய்யும், அவ்வளவுதான். முன்பு அமெரிக்க நிதி பெற்றிருந்தது. அந்த முத்திரை அதன் மேலும் விழுந்தது. அதன் இணைத் தலைவர் கிரிகோரி மெல்கொன்யான்ட்ஸுக்கு 2025 மே மாதம் ஐந்து ஆண்டு சிறை. சில வாரங்களில் அமைப்பையே மூடிவிட்டார்கள்.

ரஷ்யாவின் கணக்குப் புத்தகமோ மேசைக்கு வருவதே இல்லை. பிறர் வீட்டுக் குற்றப்பத்திரிகைகளில் இருந்து துண்டு துண்டாகப் பொறுக்க வேண்டும். 2016 அமெரிக்கத் தேர்தலின்போது பொய்ப் பெயர்களில் பதிவு போடும் பீட்டர்ஸ்பர்க் இணையப் பண்ணை போட்ட ஃபேஸ்புக் விளம்பரங்களில் சிலவற்றுக்கு ரூபிளில் காசு கட்டியிருந்தார்கள். அமெரிக்கத் தேர்தல் விளம்பரம், ரூபிள் கட்டணம், இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையா என்று செனட்டர் அல் ஃப்ராங்கன் ஃபேஸ்புக் நிறுவன வழக்கறிஞரைப் பிடித்துக்கொண்டார். பதில் சொல்பவர் திணறினார். மால்டோவாவில் 2024-இல் நடந்தது இன்னும் நேரடி: செப்டம்பர் ஒரே மாதத்தில் 1.5 கோடி டாலர் 1,30,000 பேருக்கு மேல் ரஷ்ய வங்கி வழியாக வந்தது என்று அந்நாட்டுக் காவல்துறைத் தலைவர் அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருவது பற்றிய வாக்கெடுப்பில் ‘ஆம்’ தரப்பு 50.35 சதவீதத்தில் மயிரிழையில் தப்பியது. ருமேனியாவில் செலவே செய்யவில்லை என்று கணக்குக் காட்டிய வேட்பாளர் முதல் சுற்றில் முதலிடம் வர, அரசியலமைப்பு நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. ரசீது கையில் கிடைக்கும் முன்னே வாக்குகளைக் கிழித்துப்போட்டார்கள்.

இந்தியாவை விட்டுவிட முடியாது. டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹான் 1978-இல் எழுதினார்: கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் கம்யூனிஸ்டுகள் வந்துவிடாமலிருக்க இரண்டு முறை காங்கிரசுக்கு அமெரிக்கப் பணம் போனது, ஒரு முறை இந்திரா காந்தி கையிலேயே கொடுக்கப்பட்டது என்று. இந்திரா மறுத்தார். சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் பணம் பற்றிய கதைகள் தனி. 1976-லேயே கட்சிகள் வெளிநாட்டுப் பணம் வாங்கத் தடைச் சட்டம் வந்தது. 2014-இல் பாஜகவும் காங்கிரசும் அதை மீறின என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் தந்தது அரசு இல்லை, லண்டனில் பதிவான ஒரு குழுமத்தின் நிறுவனங்கள். அதற்கு என்ன செய்தார்கள்? சட்டத்தைத் திருத்தினார்கள். 2018 நிதி மசோதா அந்தத் திருத்தத்தை 1976 ஆகஸ்ட் 5 வரை பின்தேதியிட்டது. மக்களவையில் விவாதம் கிடையாது. எலிக்கும் பூனைக்கும் ஒன்றாக லாபம் கிடைத்த அபூர்வ சந்தர்ப்பம்.

2025 பிப்ரவரியில் இந்திய வாக்குப்பதிவை உயர்த்த 2.1 கோடி டாலர் என்று அமெரிக்காவிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. வாங்கியது நீதான் என்று இரண்டு கட்சிகளும் ஒருவரையொருவர் கைகாட்டின. சில நாளில், அந்தத் தொகை வங்கதேசத்துக்கு ஒதுக்கியது என்று ஒரு நாளிதழ் எடுத்துக் காட்டியது. எனக்கு வியப்பு வேறு: இந்த நாட்டுத் தேர்தலில் பணம் விளையாடியதா என்று தெரிந்துகொள்ள நாமெல்லோரும் வாஷிங்டன் காகிதத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தோம்.

1968-இல் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. நிக்சன் வந்துவிடுவாரோ என்று கிரெம்ளினுக்குக் கவலை. எதிர்த்து நின்ற ஹூபர்ட் ஹம்ஃப்ரிக்குப் பண உதவி செய்வதாகச் சொல் என்று தூதர் டோப்ரினினுக்கு உத்தரவு வந்தது. வேண்டாம், விபரீதமாகும் என்று டோப்ரினின் எழுதிப் பார்த்தார், மேலிடம் கேட்கவில்லை. ஹம்ஃப்ரி வீட்டில் காலை உணவு. பேச்சைத் தேர்தல் செலவுப் பக்கம் மெல்லத் திருப்பினார் தூதர். ஹம்ஃப்ரிக்கு உடனே புரிந்துவிட்டது. மாஸ்கோவின் நல்லெண்ணமே எனக்குப் போதும் என்று சொல்லி, பேச்சை மாற்றிவிட்டார். தேர்தலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார்.

அந்தக் காலை உணவைப் பற்றி நமக்குத் தெரிந்தது 1995-இல், டோப்ரினினின் நினைவுக்குறிப்புகள் வெளிவந்தபோது. ஹம்ஃப்ரி இறந்து அப்போது பதினேழு வருஷம் ஆகியிருந்தது.